ஆம், இல்லை, இருக்கலாம்



சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். இங்கே 2010இல் ரெனோ–நிஸான் கார் ஆலை வந்தது. 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் வந்தன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சந்திப்பில் நின்று பாருங்கள். தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாம் ஒரே டீக்கடையில் கேட்கும்.

அப்படி ஒரு டீக்கடையில்தான் நான் ஒரு தவறு செய்தேன். அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

சீருடை அணிந்த ஓர் இளைஞர் ஒடிசாவிலிருந்த தம் தாயாருக்குச் செல்பேசி வழியாக 4,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு "செயல்பாட்டில் உள்ளது" என்ற அறிவிப்பு. அம்மாவிடம் பேசினார், பணம் வரவில்லையாம். "என்ன சார் செய்யறது?" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார். கண்ணாடியும் கைப்பையுமாக நிற்பவன் விவரம் அறிந்தவன் என்று நினைத்திருப்பார் போலும். நானும் யோசிக்காமல், "போகலை தம்பி, மறுபடி அனுப்புங்க" என்றேன். அனுப்பினார். அரை மணி கழித்து இரண்டு தொகையும் போய்ச் சேர்ந்தன. தாயாருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இரண்டாவது 4,000 அறை வாடகைக்கு வைத்திருந்த பணம். அன்று மாலை வாடகையை நான் கடனாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்திருக்காவிட்டால் இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும்.

நான் செய்த பிழை என்ன? "விடை வரவில்லை" என்பதை "வேலை நடக்கவில்லை" என்று பொருள் கொண்டேன். இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். செய்முறைக் குறிப்பேட்டில் அளவீடு எடுக்காத கட்டத்தில் பூச்சியம் எழுதும் மாணவர்களைக் கடிந்துகொள்பவன் நான். "எடுக்கவில்லை வேறு, பூச்சியம் வேறு" என்று ஆண்டுதோறும் சொல்கிறேன். அதே பிழையை டீக்கடையில் நானே செய்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு கணிப்பொறி நிரல் தன் வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும். அது வேலையை முடித்து விடையைத் திருப்பித் தரும். இரண்டும் ஒரே கணிப்பொறிக்குள் இருந்தால் தொல்லை இல்லை. அழைக்கப்பட்ட பகுதி வேறொரு ஊரில், வேறொரு கணிப்பொறியில் இருந்தால்? அதற்குப் பெயர் தொலை அழைப்பு. நடுவே நின்று, கேள்வியைக் கட்டி அனுப்பி, விடையை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை மிடில்வேர் என்பார்கள். நாம் இடைநிலை மென்பொருள் என்று சொல்லலாம். கலியாணத் தரகரைப் போல, இரு வீட்டாரும் ஒருவரையொருவர் நேரில் பாராமலே காரியத்தை நடத்திவைப்பது அதன் தொழில்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்ற இருவர் இத்தகைய ஏற்பாடு ஒன்றைச் செய்து காட்டி, 1984இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிரல் எழுதுபவருக்குத் தொலை அழைப்பு, உள்ளூர் அழைப்பைப் போலவே எளிதாகத் தோன்ற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நல்ல நோக்கம்தான். தபால்காரர் எந்த வழியாக வருகிறார் என்று தெரிந்தால்தான் கடிதம் எழுத முடியும் என்றால் யார் எழுதுவார்கள்?

ஆனால் "போலவே தோன்றுவது" வேறு, "ஒன்றாகவே இருப்பது" வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளி ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்லும், உங்கள் அடிக்கோலின் நீளம். கண்ணாடி இழைக்குள் வேகம் குறைந்து 20 செ.மீ. ஆகிவிடும், அதாவது வினாடிக்கு 2 லட்சம் கி.மீ. ஒரகடத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கி.மீ. போய்வர 2,000 கி.மீ. ஆகவே மிகக் குறைந்தது 10 மில்லி வினாடி வேண்டும். நடுவில் உள்ள இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. கணிப்பொறிக்கு உள்ளேயே நடக்கும் அழைப்புக்குத் தாராளமாக 10 நானோ வினாடி கொடுத்தாலும், வித்தியாசம் 10 லட்சம் மடங்கு! உள்ளூர் அழைப்பு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், மும்பை அழைப்புக்குப் பதினொன்றரை நாள். எந்தப் பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது. ஒளியின் வேகத்தோடு பேரம் பேச முடியுமா?

தாமதம்கூடப் பரவாயில்லை. பெரிய தொல்லை மௌனம்தான்.

மணியார்டர் காலத்தை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பணம் பெற்றவர் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும். வராவிட்டால்? பணம் வழியிலேயே நின்றிருக்கலாம். தபால்காரர் கொண்டு போயும் வீடு பூட்டியிருந்திருக்கலாம். பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, சீட்டு மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவருக்கு இவை எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். தொலை அழைப்பும் அப்படியே. கேள்வி தொலைந்தாலும், வேலையின் நடுவில் அங்குள்ள கணிப்பொறி படுத்துவிட்டாலும், வேலை முடிந்து விடை தொலைந்தாலும் இங்கே சுழல்வது அதே வட்டம்தான்.

"போனதா என்று கேட்டு, உறுதி செய்துகொண்டால் போயிற்று" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். நீங்கள் சிங்கப்பெருமாள்கோவிலில் இருக்கிறீர்கள், நண்பர் ஸ்ரீபெரும்புதூரில். இருவரும் ஒரகடத்தில் சந்திக்க வேண்டும். மற்றவர் வருவது உறுதியானால்தான் பஸ் ஏறுவது என்று முடிவு. குறுஞ்செய்தி எதுவும் வழியில் தொலையலாம். "5 மணிக்கு வா" என்று அனுப்புகிறீர்கள். "சரி" என்கிறார் அவர். தம் "சரி" உங்களுக்குக் கிடைத்ததா என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் "கிடைத்தது" என்று அனுப்பினால், அது அவருக்குக் கிடைத்ததா என்று உங்களுக்குத் தெரியாது. எத்தனை செய்திகள் போதும்? சரியாக இத்தனை போதும் என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசிச் செய்தியை அனுப்பியவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வழியில்லை. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர் பஸ் ஏறத்தான் போகிறார். அப்படியானால், அது சேராதபோதும் மற்றவர் ஏறியே ஆக வேண்டும். எனவே அந்தக் கடைசிச் செய்தி தேவையே இல்லை. அதை நீக்கினால் அதற்கு முந்தியது கடைசியாகிறது, அதுவும் தேவையில்லை. இப்படியே போனால் ஒரு செய்தியும் இல்லாமல் சந்திக்கலாம் என்றாகிறது, இது அபத்தம்! ஆகவே அப்படி ஓர் எண் கிடையாது. அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் 1975இல் இந்தச் சிக்கலை எழுதிவைத்தார்கள். இது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல, தர்க்கத்தின் எல்லை. ஐந்தாம், ஆறாம் தலைமுறை அலைபேசிகள் வந்தாலும் இது போகாது.

எல்லையை அறிந்தவர்கள் அதை ஒட்டி வழி தேடினார்கள். பிரெலும் நெல்சனும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தனி எண் கொடுத்தார்கள். விடை வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி அனுப்பு. அங்கே உள்ளவர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் வேலையைத் திரும்பச் செய்ய மாட்டார். விடை வந்தால் வேலை சரியாக ஒரு முறை நடந்தது என்று பொருள். விடைக்குப் பதில் தோல்வி அறிவிப்பு வந்தால், ஒரு முறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். அதற்கு மேல் அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நேர்மையானவர்கள்.

இன்னொரு வழி, கட்டளையையே மாற்றி அமைப்பது. ஒரு கார் ஆலையின் நகரும் வரிசையைக் கற்பனை செய்யுங்கள். "ஒரு நிலை முன்னே நகர்" என்ற கட்டளை இரண்டு முறை போனால் கார் இரண்டு நிலை நகர்ந்துவிடும். கதவு பொருத்த வேண்டிய இடத்தில் கதவில்லாத கார் தாண்டிப் போகும். "ஏழாம் நிலைக்குப் போய் நில்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை என்ன, இருபது முறை சொன்னாலும் ஏழாம் நிலையில்தான் நிற்கும். லிஃப்ட் பொத்தானைப் பொறுமையில்லாதவர் பத்து முறை அழுத்துவாரே, அதுபோல. "இன்னொரு டீ" என்று டீக்கடையில் பத்து முறை சொல்ல முடியாது! காருக்கு உள்ளேயும் இப்போது பல சிறு கணிப்பொறிகள் ஒன்றையொன்று அழைக்கின்றன. அவற்றிற்கான சம்-ஐ.பி. என்ற ஏற்பாட்டில், விடை கேட்கும் அழைப்பு ஒரு வகை. சொல்லிவிட்டு மறந்துவிடும் அழைப்பு இன்னொரு வகை. எதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

என் இளைஞரின் கதைக்கு வருவோம். 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. ஏற்பாட்டிலும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. பின் ஏன் பணம் இரண்டு முறை போயிற்று? அவர் மறுபடி பொத்தானை அழுத்தியபோது இயந்திரம் அதைப் புதிய பரிமாற்றமாகவே எடுத்துக்கொண்டு, புதிய எண் கொடுத்தது. இயந்திரத்துக்கு அது "மறுபடி" அல்ல, "இன்னொன்று". அவர் செய்திருக்க வேண்டியது, பழைய எண்ணின் நிலை என்ன என்று கேட்டுக் காத்திருப்பது. கணக்கிலிருந்து கழிந்து பெறுபவருக்குச் சேராத பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. கடையில் செலுத்திய பணமானால் ஐந்து நாள் கெடு. இந்த விதியை எத்தனை டீக்கடைகளில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்? நான் ஒன்றிலும் பார்க்கவில்லை.

என் கருத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். தூரத்தை மறைக்கும் மென்பொருளை நான் நம்புவதில்லை. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் அவருடைய மூன்று நண்பர்களும் இதையே வாதிட்டார்கள்: தொலை அழைப்பையும் உள்ளூர் அழைப்பையும் ஒன்றென்று காட்டுவது பிழை; பாதி மட்டும் கெட்டுப்போவது என்பது ஒரே இயந்திரத்துக்குள் இல்லாத புது வகைத் தோல்வி. பிறகு வந்த ஜாவா மொழியின் தொலை அழைப்பில், "இது கெட்டுப்போகலாம்" என்று நிரலிலேயே எழுதிவைக்கும்படி செய்தார்கள். எழுதுபவருக்கு எரிச்சல்தான். அந்த எரிச்சல் தேவை என்பேன்.

1991இல் வெளிவந்த கோர்பா என்ற இடைநிலை மென்பொருள் இப்போது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அதன் பெயரிலேயே தரகர் என்று பொருள்படும் சொல் ஒன்று உண்டு. கனமானது, சிக்கலானது என்று பலரும் திட்டுவார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அழைப்பு தோற்றால் அது மூன்று சொற்களில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லும். வேலை முடிந்தது: ஆம். வேலை முடிந்தது: இல்லை. மூன்றாவது, வேலை முடிந்தது: இருக்கலாம்.

அந்த மூன்றாவது சொல்லைத்தான் செல்பேசித் திரையில் நான் காண விரும்புகிறேன். "செயல்பாட்டில் உள்ளது" என்று மழுப்புவது வேண்டாம். "போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், இந்த எண்ணின் நிலை தெரியும்வரை மறுபடி அனுப்பாதீர்கள்" என்று தமிழிலும் ஒடியாவிலும் எழுதட்டுமே! பயந்துபோவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வாடகைப் பணத்தை இழப்பதைவிடச் சற்றே பயப்படுவது மேல் அல்லவா? பள்ளியில் நிரல் கற்றுத்தரும்போதும் அழைத்தால் விடை வந்தே தீரும் என்றே பழக்குகிறோம். விடை வராத ஒரு பயிற்சியாவது பாடத்தில் இருக்க வேண்டும்.

பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே வகுப்பில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். ஒருவர் அழைப்பவர், ஒருவர் வேலை செய்பவர், ஒருவர் தபால்காரர். அழைப்பவர் ஒவ்வொரு சீட்டிலும் எண் இட்டு, "ஒரு கோடு போடு" என்று எழுதித் தருவார். தபால்காரர் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கொண்டு போவார், பூ விழுந்தால் சீட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கோடு போட்டவர் தரும் விடைச் சீட்டுக்கும் அதே சட்டம். அழைப்பவர் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பது முறை ஆடினால், ஏறத்தாழ பத்து முறை விடை வரும். முப்பது முறை வராது. வேலை செய்பவரின் தாளில் இருக்கும் கோடுகளை எண்ணினால் இருபது அளவில் இருக்கும். அப்படியானால் அந்த முப்பது மௌனங்களுக்குள் சுமார் பத்து முறை வேலை நடந்திருக்கிறது. அவை எந்தெந்த எண்கள் என்று, தபால்காரரின் பையைப் பார்க்காமல் அழைப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள்.