பெற்றோருக்காவது விசாவைத் தளர்த்தலாமே



மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. தாய்லாந்து அதற்குச் சற்று முன்பும் பிலிப்பீன்ஸ் 2025 ஜூனிலும் கதவைத் திறந்தன. இங்கே சிங்கப்பூரிலோ இந்தியர்களுக்கு இன்னும் 14ஏ விசா விண்ணப்பப் படிவம், திருப்பித் தராத 30 வெள்ளிக் கட்டணம். பேரனின் காதுகுத்துக்கு வரவேண்டிய பாட்டி, படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று ஊர் ஸ்டூடியோவுக்கு மறுபடி நடக்கிறார்.

தேக்கா பக்கம் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: பெற்றோரை மலேசியாவுக்கு வரவழைத்து, ஜோகூர் பாருவில் அறை எடுத்து, சனி ஞாயிறு உட்லண்ட்ஸ் கடந்து போய்ப் பார்ப்பது. வீடு இருப்பது பாலத்துக்கு இந்தப் பக்கம்!

கெடு மீறித் தங்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமே. ஆனால் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் இடையே 2024 பிப்ரவரி 9 முதல் பரஸ்பர 30 நாள் விசா விலக்கு நடைமுறையில் உள்ளது. இந்தியாவுக்கு எடுத்த எடுப்பில் அவ்வளவு வேண்டாம். குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பெற்றோரிலிருந்து தொடங்கலாம். டெல்லியும் கைகட்டி நிற்கக்கூடாது. 2025ஐ ஆசியான்-இந்தியா சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடினார்கள். ஆனாலும் சென்னையில் இறங்க, சிங்கப்பூரர்களான நமக்கு இன்னும் இணைய விசா தேவைப்படுகிறது.

வாசகர்,
சிராங்கூன் சாலை