தலையெழுத்துக்குப் புதுப்பெயரா?

ஒரே கிருமி. ஒருவனுக்கு இரண்டு நாள் சளி. அடுத்த வீட்டுக்காரனுக்கோ சாவு. ஏனிந்த வேறுபாடு என்று கேட்டால், "எல்லாம் அவனவன் உடம்பு வாகு, பிறப்பிலேயே எழுதிவிட்டது" என்று கூறிவிட்டு நகர்வோர் காசிமேட்டிலும் உண்டு, திருவொற்றியூர் ஆலை வாயில்களிலும் உண்டு. முன்னாளில் மாரியாத்தாளின் சீற்றம் என்றார்கள். பிறகு தலையெழுத்து என்றார்கள். இன்று மரபணு என்கிறார்கள். சொல் விஞ்ஞானத்தின் சொல். கருத்தோ பழைய விதிக் கொள்கைதான்.

தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணு நோயின் கடுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. வைரஸ் நுழைந்ததும் உடலின் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. ஆலையிலே தீப்பிடித்தால் சங்கு ஊதுவதைப்போல. சங்கு பழுதானால்? 2020இல் நெதர்லாந்து நாட்டிலே, நல்ல உடல்நலத்தோடிருந்த நான்கு வாலிபர்கள், இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த சகோதரர்கள், கொரோனாவால் மூச்சுக் கருவி வைக்கும் நிலைக்கு ஆளாயினர், ஒருவர் மாண்டார். வைரசை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு அவர்களிடம் பழுதுபட்டிருந்தது. ஆனால் அதே ஆண்டில் வந்த பெரியதோர் ஆராய்ச்சி, இன்டர்ஃபெரான் வழியிலே இத்தகைய பிறவிப் பழுது, உயிருக்குப் போராடிய நோயாளிகளில் 100க்கு 3 அல்லது 4 பேரிடமே இருந்ததைக் கண்டது. மற்றவர்கள் ஏன் வீழ்ந்தனர்? அதற்கு வேறு காரணங்களையும் தேடித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கேள்வி வடசென்னைக்குப் புதிதன்று. 1960களில் பெரியம்மை நோயாளிகள் வந்து குவிந்த இடம் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை. இரத்தத்தில் ஏ பிரிவு உள்ளவர்களை அம்மை அதிகம் வாட்டும் என்று அப்போது மேல்நாட்டிலே ஒரு கொள்கை எழுந்தது. இரத்தப் பிரிவும் பிறப்போடு வருவதுதானே! டாக்டர் ஏ.ஆர். ராவும் மேல்நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து சென்னை நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தனர். பிரிவுக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு காணோம் என்று 1965இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே எழுதினர். அடுத்த ஆண்டே, வங்காள, பீகார் கிராமங்களை ஆராய்ந்தவர்கள் தொடர்பு உண்டு என்றனர். அறிஞர்களின் வாதம் தீரவில்லை. ஆனால் அதே டாக்டர் ராவ், ஏறத்தாழ 7,000 நோயாளிகளைக் கண்டு எழுதிய கணக்கிலே ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நின்றது. தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 35 பேர் மாண்டனர். போட்டவர்களில் 6 பேர். இரத்தப் பிரிவை யாரும் மாற்றவில்லை. ஊசி போட்டார்கள், 1975க்குப் பின் இந்திய மண்ணிலே பெரியம்மை இல்லை.

2020க்கு வருவோம். அந்த ஜூன் மாதத் தொடக்கத்திலே இராயபுரம் மண்டலத்தில் மட்டும் கொரோனா கண்டவர்கள் 3,000க்கு மேல், நகரத்திலேயே முதலிடம். அதே மாதம் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளை ஆராய்ந்த அறிஞர்கள், மூன்றாவது குரோமோசோமின் ஒரு துண்டுக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு கண்டனர். அந்தத் துண்டு நியாண்டர்தால் என்னும் ஆதிமனித இனத்திடமிருந்து நமக்கு வந்தது, தெற்காசியரில் பாதிப்பேரிடம் இருக்கிறது, ஐரோப்பியரில் 100க்கு 16 பேரிடமே இருக்கிறது என்று ஸ்வான்டே பேபோவும் ஹூகோ ஸீபெர்கும் எழுதினர். "பார்த்தீர்களா, இந்தியன் சாவதற்கு அவன் இரத்தமே காரணம்!" என்று தீர்ப்பெழுத இதைவிட வசதி வேண்டுமா? ஆனால் 2021இல் ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபேயும், தோழர்களுடன் சேர்ந்து இந்திய மாநிலங்களின் கணக்கை வைத்துப் பார்த்தனர். ஐரோப்பியரிடம் கடுமையைக் கூட்டிய அந்தக் கூறு தெற்காசியரிடம் அதே வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை என்றனர். ஐரோப்பியன் உடலிலே எடுத்த அளவைக் கொண்டு நமக்குச் சட்டை தைக்க முடியாது என்பது இதன் பொருள்.

இனி நம் தெருவைப் பார்ப்போம். 2020 ஜூலையிலே சென்னை முழுதும் இரத்தம் எடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கிருமி தொட்டுச் சென்றிருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்திலோ 100க்கு 40க்கு மேல். இராயபுரத்திலே 30க்கு மேல். அடையாறுக்காரனுக்கு ஒரு மரபணு, தண்டையார்பேட்டைக்காரனுக்கு ஒரு மரபணுவா? ஓர் அறையிலே ஆறு பேர், தெருவுக்கொரு குழாய், பலருக்கும் பொதுவான கழிப்பறை. "விலகி நில்" என்றால் எங்கே விலகுவது? கிருமி வந்தபின் நோயைக் கடுமையாக்குவன எவை? முதுமை, கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய், பழுதான நுரையீரல். புகையும் தூசியும் சுவாசித்த நெஞ்சை நோய் எளிதில் மடக்கும். எண்ணூரிலும் மணலியிலும் உழைப்பவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மரபணு ஆராய்ச்சி வேண்டாம் என்கிறோமா? இல்லை, இன்னும் வேண்டும் என்கிறோம். பிரிட்டனிலே கடும் நோயாளிகளின் மரபணுவைத் துருவியவர்கள் 2020இல் டி.ஒய்.கே.2 என்ற மரபணுவைச் சுட்டினர். அந்தத் தடயம், மூட்டு வாதத்துக்குத் தரும் பாரிசிடினிப் என்ற மாத்திரையை நோக்கிக் கை காட்டிற்று. சோதித்தார்கள், மருத்துவமனைச் சாவு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்தது என 2022இல் தெரிந்தது. மரபணுவை அறிவது கைகட்டி நிற்பதற்கல்ல, மருந்து காண்பதற்கு! 10,000 இந்தியரின் மரபணுவைப் படித்த திட்டத்தின் விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அதிலிருந்து பிறக்கும் மருந்து ஸ்டான்லி மருத்துவமனையின் வரிசையிலே நிற்பவனுக்கும் கிட்டவேண்டும்.

தோழர்களே! பிறப்பைக் காட்டி மனிதனை மட்டம் தட்டிய கொள்கையை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. அதே கொள்கை வெள்ளை அங்கி அணிந்து வந்தாலும் இனம் கண்டுகொள்ள வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. அட்டை வேண்டும், 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் துறைமுகக் கூலியின் வாயிற்படிக்கும் வரவேண்டும். தடுப்பூசி என்றால் ஓடி ஒளிபவனிடம் தண்டையார்பேட்டைக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த கிருமி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அது வருமுன் மரபணுவை மாற்ற நம்மால் ஆகாது. வீட்டையும் காற்றையும் மருத்துவத்தையும் மாற்ற ஆகும். சங்கக் கூட்டத்திலே அதைப் பேசுங்கள்.