சிலுவைக்கு ஒரு வெட்டு போதும்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களில் பலர் இந்த மே மாதமும் வி.பி.எஸ். வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். (மற்றவர்களுக்காக: விடுமுறை வேதாகமப் பள்ளி.) உங்களோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான். காகிதச் சிலுவை செய்யக் கற்றுக்கொடுங்கள், ஆனால் அந்த மிச்சத் துண்டுக் கதையை விட்டுவிடுங்கள்.

செய்முறை எளிது. ஒரு நீளத் தாளின் மேல் வலது மூலையை, மேல் ஓரம் இடது ஓரத்தோடு ஒட்டும்படி மடியுங்கள். மேலே நிற்கும் முனையை எதிர் ஓரத்துக்கு மடித்தால் கூரை போட்ட வீடு வரும். அதை நெட்டுவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புக்கு இணையாக நடுவில் ஒரே வெட்டு. மடிப்புள்ள பகுதியை விரித்தால் சிலுவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை விரிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்! மீதி இரண்டு சின்னச் சதுரம், இரண்டு நீளப் பட்டை.

இந்த இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. பரலோக வாசலில் இரண்டு பேர். ஒருவனிடம் முழுச் சிலுவை, இன்னொருவனிடம் கிழிந்த துண்டுகள். டீச்சர் அந்தத் துண்டுகளை அடுக்கி ஆங்கிலத்தில் 'ஹெல்' என்று எழுதிக் காட்டுவார். நரகம்! நான்கு துண்டுகளில் அந்த எழுத்துகள் வராது, மேலும் வெட்டவேண்டும். யோசித்துப் பாருங்கள், சிலுவைக்கு ஒரு வெட்டு போதும், நரகத்துக்குத்தான் உட்கார்ந்து நறுக்க வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இந்தப் பாடம் முடிந்து வெளியே வந்த ஆறு வயதுப் பிள்ளை என் சேலையைப் பிடித்துக் கேட்டது: "எங்க அப்பாயி மாரியம்மன் கோயிலுக்குத்தானே போகுது, அது செத்தா துண்டுகிட்டயா போகும்?" அந்த அப்பாயிதான் அதைக் குளிப்பாட்டி, தலைசீவி, பவுடர் போட்டு அனுப்பியவர். லைன் வீட்டு ஜனங்கள் நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பாட்டும் பிஸ்கட்டும் கதையும் கிடைக்கும், டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று. சொந்தப் பாட்டி மேல் பயத்தைக் கொடுத்து அனுப்பவா?

"அப்போ நரகமே இல்லையா டீச்சர்?" என்று மடக்குவீர்கள். அந்த வாதத்தைப் பெரியவர்கள் ஆலயத்தில் வைத்துக்கொள்வோம். நான் பேசுவது பால்பல் விழாத பிள்ளையைப் பற்றி. சிறியவர்களை இடறப்பண்ணுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் ஏந்திரக்கல்லைச் சொல்லி எச்சரித்ததும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. ஐந்து அப்பம் கதையில் மிச்சத் துணிக்கைகளை வீணாக்காமல் பன்னிரண்டு கூடை நிறையச் சேர்த்தார்கள். மிச்சத்துக்கு நம் கதைகளில் இருக்கும் மரியாதை அது. அதைக் கொண்டுபோய் நரகமாக்கியது யார் யோசனையோ!

காகிதம் பயமுறுத்தாமலே பாடம் நடத்தும். ஜெர்மனியில் நீஸ்கி ஊர் மொரேவியப் பள்ளியில் 1830களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்த காகித நட்சத்திரம்தான் இன்று உலகமெங்கும் கிறிஸ்துமஸுக்குத் தொங்கும் மொரேவிய நட்சத்திரம். நம் பக்கத்தில், 1893-ல் மதராஸில் சுந்தர ராவ் காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிக்கும் புத்தகம் போட்டார். மழலையர் பள்ளிக் காகித மடிப்பிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துப் பேசினார். நம் ஆட்களோ துண்டுகளை வைத்து ஸ்பெல்லிங் நடத்துகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில்! இப்போது லைன்களில் ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழே இப்போதுதான் பிடிபடுகிறது அவர்களுக்கு.

ஆகவே இந்த வருடம் இப்படிச் செய்யுங்கள். பழைய மாதக் காலண்டர் தாள் போதும். பளபளா ஃபோம் ஷீட் வாங்க ஃபிளவர் ஷோ நெரிசலில் ஊட்டிக்கு பஸ் ஏறாதீர்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் வையுங்கள். நீங்கள் மடித்துக் கொடுக்காதீர்கள், கோணலாக வந்தாலும் பிள்ளையே மடிக்கட்டும். விரித்ததும் இயேசு உன்னை நேசிக்கிறார் என்று சொல்லுங்கள். மிச்சமான சதுரங்களில் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆட்களை வரையட்டும். அப்பாயியையும்தான். போகும்போது எல்லாவற்றையும் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், பழக்கதோஷம்.

உங்கள் டீச்சர்