ஏழே ஏழு ஓட்டு!



கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பரோ, வங்கதேச முஸ்லிம்கள் திரளாக வாழும் பகுதி. அங்கே மில்வால் வார்டில் 1993 செப்டம்பர் 16 அன்று இடைத்தேர்தல். வெள்ளை இனவெறிக் கட்சியான பி.என்.பி.யின் டெரெக் பீக்கன் வாங்கியது 1,480 ஓட்டு. லேபர் வேட்பாளருக்கு 1,473. வித்தியாசம் ஏழே ஏழு!

அஸருக்குப் பிறகு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏழு பேருக்கு மேல் இருப்பார்களே! "கடையை யார் பார்ப்பது? என் ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று நம்மில் எத்தனை வியாபாரிகள் சொல்கிறோம்?

வீடு கிடைக்காத வெள்ளை ஏழைகளின் கோபத்தை வங்காளிகள் மீது திருப்பிவிட்டுத்தான் அந்தக் கட்சி ஜெயித்தது. வீட்டுப் பஞ்சம் உண்மை. அதற்குக் காரணம் வங்காளி என்பதே பொய். இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன?

எட்டே மாதம். 1994 மே தேர்தலில் பீக்கன் தோற்றார். கவனியுங்கள் இளைஞர்களே, அவருடைய ஓட்டு குறையவில்லை, கூடியது! ஆனால் முன்பு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இந்த முறை திரண்டு வந்தார்கள். வார்டின் மூன்று இடங்களும் லேபருக்கே போயின.

உங்கள் வார்டு வாக்காளர் பட்டியலைக் கடைசியாக எப்போது புரட்டினீர்கள்? உம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா?