எங்கே சாப்பிடலாம் என்னும் வினா

ஆய்வு மாணவியர் மூவர் ஓர் இரவு உணவுக்கு இடம் தேர நாற்பது குறுஞ்செய்திகள் செலவாயின. ஒருத்திக்குத் தாராவி, மற்றவளுக்குச் செம்பூர், எனக்கு மாட்டுங்கா. உணவைப் பற்றிய செய்திகள் நான்கைந்துதான். எஞ்சியவை கடைசி வண்டி, தெருவின் வெளிச்சம், கழிப்பறை, பக்கத்து மேசைகளில் அமர்வோர் பற்றியவை.

மாட்டுங்காவில் உணவுக்கா பஞ்சம்? 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸும் 1942இல் தொடங்கிய ராமநாயக் உடுப்பியும் இங்கேதான். தெற்கிலிருந்து பிழைக்க வந்தோரின் பசி தீர்த்த மரபு அது. உண்டதும் எழ வேண்டும். வாசலில் அடுத்தவர் காத்திருப்பார். அது குறையன்று. எங்களுக்கு வேண்டியதோ, இரண்டு மணிநேரம் காரணமின்றி அமர்ந்திருக்க ஓர் இடம்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோரின் ‘ஒய் லாய்டர்?’ (2011) மும்பையை முன்வைத்து இதைத்தான் பேசியது: பொதுவெளியில் பெண் தன் நோக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மொழியியல் படித்தவள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். ‘ஊர் சுற்றுகிறான்’ என்பது செல்லக் கண்டிப்பு. ‘ஊர் சுற்றுகிறாள்’ என்பது பழி. மாறியது விகுதி மட்டுமே. ஆகவேதான் வீட்டில் ‘சாப்பிடப் போகிறோம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம்.

2017இல் மாட்டுங்கா ரயில் நிலையம் முழுவதும் பெண் பணியாளர்களின் பொறுப்பில் விடப்பட்டது, பாராட்டத்தக்கதே. அந்நிலையத்தில் இறங்கும் பெண் இரவு பத்தரை மணிக்கு எங்கே உட்காரலாம் என்று கேட்பாரைத்தான் காணோம்.

இறுதியில் செம்பூர் நிலையத்தருகே ஓர் இடம் முடிவாயிற்று. தோசை சுமார்தான். பதினொன்றே கால் வரை எங்களை எவரும் எழுப்பவில்லை. அடுத்த மாதமும் அங்கேதான்.