பக்திப் பாடலுக்குச் சந்தைதோறும் ஒரு விலை

திருவிழாக் காலம் பிறந்துவிட்டால் ஆலயங்களின் ஒலிபெருக்கியில் விடியற்காலையிலேயே கேட்பது பெரும்பாலும் தமிழகத்தில் பதிவான குரல்களே. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும், டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாடல்களும், எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும் மலேசிய, சிங்கப்பூர் பக்தர்களுக்கு மனப்பாடம். அதில் குறை காண எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்தக் குரல்கள் என்ன விலைக்கு விற்கப்பட்டன, அந்த விலை இவ்வூர்ப் பாடகர்களை எங்கே கொண்டு நிறுத்தியிருக்கிறது என்பதை ஆலய நிர்வாகத்தினரும் உபயக்காரர்களும் சற்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒலிப்பதிவு ஒரு விந்தையான சரக்கு. முதற்பதிவை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. அதன் பின் எடுக்கும் படிகளுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆதலால் அரிசி, பருப்பைப் போல அடக்கவிலையைக் கொண்டு இதற்கு விலை குறிக்க இயலாது. வாங்குபவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு.

இந்தக் கணக்கை நன்கு அறிந்தவர் டில்லியில் பழச்சாறு விற்ற குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார். அதுவரை இசைத்தட்டு வசதி படைத்த இல்லங்களின் பொருளாக இருந்தது. 1983இல் அவர் தொடங்கிய நிறுவனம், டி-சீரிஸ் என்ற பெயரில் ஒலிநாடாக்களை மலிவு விலையில் மளிகைக் கடைக்கும் வெற்றிலை பாக்குக் கடைக்கும் கொண்டு சேர்த்தது. அவற்றில் பக்திப் பாடல்களுக்குத் தனி இடம் இருந்தது. ஏற்கெனவே வெளிவந்த பாடலை, முறைப்படி அறிவித்துத் தொகை செலுத்தி, வேறொரு குரலில் மீண்டும் பதிவு செய்ய அன்றைய இந்தியச் சட்டம் இடமளித்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று. ஏழையின் வீட்டிலும் இறைநாமம் ஒலித்தது. இது மறுக்க முடியாத நன்மை. அந்த மலிவுக்குள் பாடகரின் பங்கு எவ்வளவு என்பதை வாங்கியவர் கேட்கவில்லை. 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்தின் உரிமத்தொகையை எம்.எஸ்.சுப்புலட்சுமி திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே அளித்தார். அப்படி அளிப்பதற்குக்கூட, படிக்கு இவ்வளவு என்ற உரிமை முதலில் பாடகருக்கு இருந்தாக வேண்டும்.

கடல் கடந்து வந்தபோது கதை மாறியது. திரைப்பட டிவிடிகளுக்கு நாட்டுக்கு நாடு பூட்டு உண்டு; இந்தியா 5ஆம் வட்டாரம், மலேசியாவும் சிங்கப்பூரும் 3ஆம் வட்டாரம். இசைக் குறுந்தட்டுக்கு அத்தகைய பூட்டு இல்லை. ஆகவே சென்னையின் மலிவு விலை பயணிகளின் பெட்டியிலேயே இங்கு வந்து இறங்கியது. போதாக்குறைக்கு இரவுச் சந்தைகளில் திருட்டுப் பிரதிகள் வேறு. இவற்றுக்கு நடுவே உள்ளூர்ப் பாடகர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் சில நூறு தட்டுகள் வெளியிட்டால், பதிவுச் செலவு முழுவதும் அந்தச் சில நூறின்மேல் விழும். விலை கூடத்தான் செய்யும். “டி.எம்.எஸ். தட்டே இதைவிட மலிவாயிற்றே” என்று பக்தர் கீழே வைத்துவிட்டுப் போவார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். அந்தக் கணக்கே ஒப்பிடத்தகாத இரண்டை ஒப்பிடுகிறது.

இப்போது தட்டும் போய்விட்டது. இணையத்தில் பாட்டு வழங்கும் ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவில் மாதம் 14.90 ரிங்கிட்டுக்கும், சிங்கப்பூரில் 9.90 வெள்ளிக்கும் அறிமுகமானது. அதே சேவை 2019இல் இந்தியாவில் கால்வைத்தபோது மாதக் கட்டணம் 119 ரூபாய். சிங்கப்பூர்க் கட்டணத்தில் அது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மலிவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. கட்டணம் செலுத்தும் அட்டை எந்த நாட்டினது என்று நிறுவனம் பார்க்கிறது. பாடலுக்குரிய தொகையும் அந்தந்த நாட்டின் வசூலிலிருந்தே பங்கிடப்படுவதால், சென்னையில் ஒருமுறை கேட்பதும் சிங்கப்பூரில் ஒருமுறை கேட்பதும் பாடகருக்கு ஒன்றல்ல.

இங்குள்ள பாடகருக்கு இது சாதகம் என்று தோன்றலாம். ஆனால் 2024 முதல் அந்நிறுவனம் புதிய விதி ஒன்றை வகுத்தது: பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்குப் பங்கு இல்லை. ஓர் ஊரின் அம்மனைப் பற்றி, அவ்வூர் மக்களுக்காகப் பாடப்படும் பாட்டு ஆயிரத்தை எட்டுவது எளிதன்று. மறுபுறம், டி-சீரிஸ் வெளியிட்ட அனுமன் சாலிசா யூடியூபில் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டுள்ளது. இந்தச் சந்தையில் சிறிய ஆலயத்தின் பாட்டுக்கு விலையே இல்லை.

“இறைவன் பாட்டுக்கு விலை பேசலாமா?” என்று கேட்போர் உண்டு. மேளத்துக்கும், மின்விளக்குக்கும், பந்தலுக்கும் விலை பேசித்தானே கொடுக்கிறோம்! சமயச் சடங்கில் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்று 1994ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுவதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது இந்தியச் சட்டம். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவைப் பொதுவில் ஒலிக்கச் செய்வதற்குப் பதிவின் உரிமையாளர் தொகை பெற வழிசெய்கிறது.

ஆலயங்கள் தாமே பதிவு செய்ய முன்வரலாம். திருவிழாவில் ஒரு நாள் உபயத்தை ஏற்கும் குடும்பம், தலத்து இறைவன்மீது அமைந்த ஒரு பாடலின் பதிவுச் செலவையும் ஏற்கலாம். பதிவுச் செலவு அவ்வாறு தீர்ந்துவிட்டால், விற்கும் விலை பாடகருக்கும் இசைக் கலைஞருக்கும் உரியதாகும். குறுந்தட்டுப் பெட்டி இல்லாத வீடுகளே இன்று மிகுதி. ஆதலால் பென் டிரைவில் ஏற்றி, அர்ச்சனைச் சீட்டு விற்கும் முகப்பிலேயே வைக்கலாம். விலையை நிர்வாகமே குறிக்கட்டும். சென்னை விலையைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு படிக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, இணையத்தில் ஏற்றினால் வருவாய் யாருக்கு என்பதைப் பதிவுக்கூடத்துக்குப் போகும் முன்பே எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது அவசியம்.