பதவி போன பிறகு காய்க்கும் மரம்

ஒரு மந்திரியின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை பதவிகள் வகித்தார் என்று எண்ணிவிடுவது எளிது. அவர் ஆரம்பித்து வைத்த காரியம் அவருக்குப் பின்னும் நிலைத்ததா என்று பார்ப்பதே உண்மையான கணக்கு. மங்கலம்பேட்டை வட்டாரத்தாருக்கு இந்த இரண்டாவது கணக்கில் மிகுந்த அக்கறை உண்டு. பக்கத்திலுள்ள விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையின் பிழைப்பு அதில்தான் அடங்கியிருக்கிறது.

காலஞ்சென்ற ஆர். வெங்கட்ராமனின் பொது வாழ்வை இந்தக் கண்கொண்டு பார்க்கலாம். 1910-ல் பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் பிறந்தவர் அவர். வக்கீல் தொழிலுக்கு வந்தவர், 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்டு இரண்டாண்டுகள் சிறையில் கிடந்தார். ஜப்பானியர் ஆதிக்கத்தின்போது அவர்களுடன் ஒத்துழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியருக்காக வாதாட 1946-ல் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்ட வக்கீல்களில் அவரும் ஒருவர். தொழிலாளர் சட்டத்தில் பெயரெடுத்து, 1952-ல் லோக்சபை மெம்பரானார்.

1957-ல் மீண்டும் லோக்சபைக்கு வெற்றி பெற்றார். ஆனால் அந்த ஸ்தானத்தை ராஜிநாமா செய்துவிட்டுச் சென்னை ராஜ்ய மந்திரிசபையில் சேர்ந்தார். டில்லியை விட்டுச் சென்னைக்கு வருவதை ஏற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அவர் வாழ்க்கையில் நாட்டுக்கு மிகுந்த பயன் விளைந்த காலம் அதுவே என்பது நம் துணிபு. 1967 வரை காமராஜரும் பின்னர் பக்தவத்சலமும் அவரைத் தொழில் இலாகாவிலேயே வைத்திருந்தார்கள். மின்சாரம், தொழிலாளர் நலம், போக்குவரத்து ஆகியவையும் அவர் பொறுப்பில் இருந்தன. ஆலைக்கு வேண்டிய மின்சாரத்துக்கு ஒரு மந்திரியையும், ஆள் பிரச்னைக்கு இன்னொரு மந்திரியையும் தேடி அலைய வேண்டிய தொல்லை இல்லை.

1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை எழுந்தது. சிறு முதலாளி ஒருவனால் நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, மின்சாரம் இழுத்து, சாலை போட முடியாது. இவற்றைச் சர்க்கார் ஒரே இடத்தில் அமைத்துக் கொடுத்தால் அவன் தன் கைப்பணத்தை இயந்திரத்திலும் சரக்கிலும் போடலாம். தொழிற்பேட்டையின் தத்துவம் இவ்வளவுதான். பீங்கானுக்கு இது இன்னும் பொருந்தும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. ஆனால் மண் இருந்தால் மட்டும் பீங்கான் ஆகிவிடாது. கடும் வெப்பம் தரும் சூளை வேண்டும். சூளை நிறையச் சரக்கு வேண்டும். பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்கிற சிறு தொழிலாளிக்குத் தனிச் சூளை எட்டாக்கனி. பலர் கூடினால்தான் அடுப்பு எரியும்.

இவ்வளவு செய்தும் 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டமும் மக்கள் மனத்தில் இருந்தன. தொழிற்சாலைப் புகைபோக்கிகள் வோட்டாக மாறவில்லை. இதில் மக்களைக் குறை சொல்வதற்கில்லை. பசி இன்றைக்கு, ஆலையின் பலன் நாளைக்கு. ஆனால் புதிதாக வந்த தி.மு.க. ஆட்சி, முந்தைய கட்சியார் போட்ட பாதை என்று அதை மூடிவிடவில்லை. 1970-ல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமும் 1971-ல் சிப்காட்டும் பிறந்தன. நட்டவர் ஒருவர், நீர் வார்த்தவர் மற்றொருவர், மரம் பிழைத்தது.

ஜப்பானிலும் இப்படி ஒரு கதை உண்டு. நிதி மந்திரியாகவும் வர்த்தகத் தொழில் மந்திரியாகவும் இருந்து 1960-ல் பிரதமரான ஹயாட்டோ இக்கேடா, தேச வருமானத்தைப் பத்தாண்டுகளில் இரட்டிப்பாக்கும் திட்டத்தை அறிவித்தார். நோயால் 1964-ல் பதவி விலகி, 1965-ல் காலமானார். பத்தாண்டு முடியுமுன்பே திட்டம் நிறைவேறிற்று. அதைக் காண அவர் இல்லை.

வெங்கட்ராமனுக்கு ஆயுள் கெட்டி. 1980-ல் மத்திய நிதி மந்திரி, 1982-ல் பாதுகாப்பு மந்திரி, 1984-ல் உப ஜனாதிபதி, 1987 முதல் 1992 வரை ஜனாதிபதி என்று படிப்படியாக உயர்ந்து, 2009-ல் மறைந்தார். அவரை ராஷ்டிரபதி பவனத்தோடு சேர்த்து நினைப்பது இயல்பு. கிண்டியோடு சேர்த்து நினைப்பது நியாயம்.

இதிலிருந்து இன்றைய ஆட்சியாளர் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. தொழில் இலாகா, வந்து போகிறவர்களுக்கான சத்திரம் அல்ல. ஒருவரிடம் ஒப்படைத்தால் விதை முளைக்கும்வரை விட்டுவைக்க வேண்டும். ஒரே நாற்காலியில் நெடுநாள் இருந்தால் அது குறுநில மன்னர் ஆட்சியாகிவிடும் என்பார் உண்டு. அந்த அச்சத்திற்குச் சட்டசபையும் தேர்தலும் மருந்து. அடிக்கடி ஆளை மாற்றுவது மருந்தாகாது. மாற்றியே தீரவேண்டுமானால், மாறுவது ஆளாக இருக்கட்டும், பாதையாக வேண்டாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு மந்திரியின் பெயர் முக்கியமல்ல. படித்து வெளியே வரும்போது பக்கத்திலேயே சூளை எரிகிறதா என்பதுதான் கேள்வி. ஒருவர் மூட்டிய தீயை அடுத்து வருகிறவர் அணையாமல் காப்பாரானால், அவரையும் இந்த வட்டாரம் நன்றியோடு நினைக்கும்.